நானூற்று இருபதின் பூர்வீகம்

வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ‘சட்டம் பற்றியும் கேட்கலாம்’ என்று ஒரு வரி எழுதி வைத்தேன். வந்த கடிதங்களில் பாதி, மேல்மாடிக்காரர் துணி உலர்த்தும்போது தண்ணீர் சொட்டுகிறதே, வழக்குப் போடலாமா என்ற ரகம். அவற்றை ஒதுக்கிவிட்டேன். நான் வழக்கறிஞர் இல்லை. சிங்கப்பூர் நீதிமன்றங்களில் 31 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். நின்றவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று நின்றே என் வலது முழங்கால் போனது. நாட்டின் சட்டம் எங்கிருந்து வந்தது, எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

தமிழ்நாட்டில் ஏமாற்றுக்காரனை ‘நானூற்று இருபது’ என்பார்கள். அந்தச் சட்டம் சிங்கப்பூரிலும் இருக்கிறதா?
– ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தெம்பனிஸ்

இருக்கிறது ஐயா. அதே எண், அதே குற்றம். நம் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 420-ஆம் பிரிவு, ஒருவரை ஏமாற்றி அவருடைய பொருளைக் கைமாற வைப்பதைப் பற்றியது. கொலைக்குத் தண்டனை 302. திருட்டுக்கு 379. ஒருமுறை, ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத இளைஞர் ஒருவர் மீது குற்றச்சாட்டு வாசித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எண்ணைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்று அந்த எண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

காரணம் எளிது. ஆங்கிலேய ஆட்சியில் சட்ட உறுப்பினராக இருந்த மெக்காலே தலைமையிலான குழு இந்தியாவுக்காக 1837-இல் ஒரு தண்டனைச் சட்ட வரைவைத் தயாரித்தது. அது இழுத்து இழுத்து 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரும் கல்கத்தாவின் ஆளுகைக்குள்தான் இருந்தது. 1867 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களை இந்தியாவிலிருந்து பிரித்து, நேராக லண்டனின் கீழ் கொண்டுபோனார்கள். கதையின் வேடிக்கை இதற்குப் பிறகுதான். தனிக்குடித்தனம் போன மருமகள் நாலு வருடம் கழித்து மாமியார் வீட்டு அம்மியைக் கேட்டு வாங்கி வந்ததுபோல, 1871-இல் இங்குள்ள சட்டமன்றம் அதே இந்தியத் தொகுப்பை எடுத்துத் தன் சட்டமாக இயற்றிக்கொண்டது. 1872-இல் அது நடப்புக்கு வந்தது. 1893-இல் இந்தியச் சாட்சியச் சட்டத்தையும் அதேபோல் வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது பாருங்கள்: 2024 ஜூலை 1 முதல் இந்தியா தன் பழைய தண்டனைச் சட்டத்தை விட்டுவிட்டது. அங்கே ஏமாற்றுதல் 318-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. மாமியார் வீட்டில் அம்மியைத் தூக்கிப் போட்டாயிற்று. மருமகள் வீட்டில் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். இனி யாரையாவது ‘நானூற்று இருபது’ என்று திட்டுவதானால், சட்டப்படி அது இங்கேதான் பொருந்தும்.

அம்மியை அப்படியே வைத்திருக்கிறோம் என்றும் நினைத்துவிடாதீர்கள். கொத்திக்கொண்டேதான் இருக்கிறோம். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309-ஆம் பிரிவு 2020-இல் நீக்கப்பட்டது. அந்தக் குற்றச்சாட்டை நான் இரண்டு முறை மொழிபெயர்த்திருக்கிறேன். இரண்டு முறையும் எதிரே நின்றவரின் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

இந்தியாவில் ஜனவரி 26-ஐ அரசமைப்புச் சட்டத்துக்காகக் கொண்டாடுகிறார்கள். நம் அரசமைப்புச் சட்டத்துக்கு ஏன் அப்படி ஒரு நாள் இல்லை? அதை எழுதியவர் யார்?
– தேசிய சேவையில் இருக்கும் வாசகர், உட்லண்ட்ஸ்

தம்பி, ஒரு நாளில் பிறக்காத பிள்ளைக்கு எந்த நாளில் கேக் வெட்டுவது?

நான் 1978-இல் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வழக்கில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் அரசமைப்புச் சட்டத்தை மேற்கோள் காட்ட எழுந்தார். அவர் மேசையில் மூன்று தனித்தனி ஆவணங்கள். ஒன்றில் ஆள்காட்டி விரலை வைத்திருந்தார், இன்னொன்றில் பேனாவை. மூன்றாவது கீழே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு விவரம் சொன்னார்கள்: அந்த மூன்றும் சேர்ந்ததுதான் அரசமைப்புச் சட்டம்.

முதலாவது, 1963-இல் மலேசியாவோடு சேர்ந்தபோது சிங்கப்பூர் மாநிலத்துக்குக் கிடைத்த அரசமைப்பு. அது லண்டனில் பிறப்பிக்கப்பட்ட ஓர் அரசாணையின் பின்னிணைப்பு. இரண்டாவது, மலேசியக் கூட்டரசின் அரசமைப்பிலிருந்து நாம் வைத்துக்கொண்ட பகுதிகள். மூன்றாவது, இவ்விரண்டையும் தைத்த சிங்கப்பூர்க் குடியரசுச் சுதந்திரச் சட்டம். 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தோம். அந்தச் சட்டம் நிறைவேறியது டிசம்பர் 22-இல். ஆகஸ்ட் 9-லிருந்தே நடப்பில் இருந்ததாகப் பின்தேதியிட்டார்கள். நான்கு மாதமாக நடந்துகொண்டிருந்த குடித்தனத்துக்குப் பிறகு பதிவுத் திருமணம் செய்துகொண்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் ஒரே தொகுப்பாக அச்சிட்டது 1980-இல்தான். அதற்கான அதிகாரத்தை 1979-இல் தலைமைச் சட்ட அதிகாரிக்கு நாடாளுமன்றம் கொடுத்தது. அதே 1979-இல் இன்னொரு காரியமும் நடந்தது. 1965 முதல் அதுவரை சாதாரணப் பெரும்பான்மையைக் கொண்டே அரசமைப்பைத் திருத்திவிட முடிந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற கட்டுப்பாடு அப்போதுதான் திரும்பி வந்தது. சில மாற்றங்களுக்கு அதுவும் போதாது. நாட்டின் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவோ, காவல்படை, ஆயுதப்படை மீதான அதிகாரத்தைப் பிறரிடம் ஒப்படைக்கவோ வேண்டுமானால், மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெறவேண்டும். 1972-இல் சேர்த்த ஏற்பாடு இது. ஒருமுறை பிரிந்து அடிபட்டவர்கள் எழுதிய வரி என்பது படித்தாலே தெரியும்.

எழுதியவர் யார் என்று கேட்டீர்கள். அம்பேத்கரைப்போல ஒரு முகத்தைக் காட்ட முடியாது. ஆனால் ஒரு குழுவைச் சொல்லலாம். தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் 1966-இல் ஓர் ஆணையம், சிறுபான்மையினரின் உரிமைகளை எப்படிக் காப்பது என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. இன்றைய சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. அந்த அறிக்கையில் ஏற்கப்படாத பரிந்துரைகளைத்தான் நான் அதிக ஆர்வத்தோடு படித்தேன். அதில் ஒன்று கீழே வருகிறது.

மகளுக்குச் சட்டம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் வகுப்பு. சிங்கப்பூர்ச் சட்ட முறை பற்றித் தடிமனான ஒரு புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு தேதிகளை மனப்பாடம் செய்கிறாள். இரவில் தூக்கத்தில்கூட ‘1826’ என்கிறாள். இப்படிப் படிப்பது சரிதானா?
– வாசகி, ஈசூன்

பிள்ளையைத் தூங்கவிடுங்கள் அம்மா. 1826 ஓடிவிடாது.

அந்தத் தேதி முக்கியமானதுதான். 1826 நவம்பர் 27 தேதியிட்ட இரண்டாம் நீதி சாசனம் என்ற பிரிட்டிஷ் அரச ஆணையின் வழியாகத்தான் இங்கிலாந்துச் சட்டம் இந்த மண்ணுக்கு வந்தது என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஆனால் தேதியை விழுங்கினால் அது வயிற்றில் கல்லாகத்தான் கிடக்கும். அதற்குப் பதில், ‘இங்கிலாந்துச் சட்டம் வந்தபோது ஏற்கெனவே இங்கிருந்த வழக்கங்கள் என்ன ஆயின?’ என்று ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள்.

என் குடும்பத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். என் தாத்தா நேவல் பேஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். என் பாட்டி அவருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் உயிரோடு, அதே வரிசையில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கும் எங்களுக்கு வரும். ஒருவனுக்கு ஒருத்தி என்பது இங்கிலாந்துச் சட்டம். அப்படியானால் என் பாட்டி யார்? இங்கிலாந்துச் சட்டம் உள்ளூர் மதங்களுக்கும் வழக்கங்களுக்கும் ஏற்ப வளைந்துகொடுத்தது. 1908-இல் ‘ஆறு விதவைகள் வழக்கு’ என்று பெயர்பெற்ற ஒரு வழக்கு. செல்வந்தரான சீனர் ஒருவர் காலமானார். அவருடைய மனைவி என்று சொல்லிக்கொண்டு ஆறு பெண்கள் சொத்துக்கு வந்தார்கள். சீனர் வழக்கப்படி பலதார மணம் செல்லும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த நிலை 1961 செப்டம்பரில் மாதர் சாசனம் என்ற திருமண, குடும்பச் சட்டம் நடப்புக்கு வரும்வரை நீடித்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அதன் பிறகு ஒருதார மணம்தான். முன்பே நடந்த திருமணங்கள் செல்லும் என்று விட்டுவிட்டார்கள். என் பாட்டி தப்பித்தார். முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றமும் தனிச் சட்டமும் இருக்கின்றன.

1826, 1908, 1961. இந்த மூன்றையும் என் பாட்டியின் முறுக்கோடு சேர்த்துச் சொன்னேன். உங்கள் மகளுக்கு இனி மறக்குமா? உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு கதை இருக்கும். இல்லாத குடும்பம் இல்லை.

அடுத்தது, அந்தத் தடித்த புத்தகத்தை மூடிவிட்டு மூலத்தைப் படிக்கச் சொல்லுங்கள். நம் சட்டங்கள் எல்லாம் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசமைப்பில் அடிப்படை உரிமைகள் 9 முதல் 16 வரை எட்டே பிரிவுகள். ஒரு கோப்பி ஆறுவதற்குள் படித்துவிடலாம். படிக்கும்போது முதல் உட்பிரிவில் மயங்கக்கூடாது. 14-ஆம் பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமை உண்டு என்று தொடங்கும். இரண்டாம் உட்பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக நாடாளுமன்றம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று பட்டியல் போடும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது பழகிய விஷயம். ‘உங்களை நான் மதிக்கிறேன்’ என்று சாட்சி தொடங்கும்போதே ஒரு ‘ஆனால்’ வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்வோம்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன். 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தொகுதியில் நாடாளுமன்ற இடம் காலியானது. அந்தத் தொகுதியில் வசித்த தமிழ்ப் பெண்மணி ஒருவர், துப்புரவுத் தொழிலாளி, இடைத்தேர்தல் நடத்தவேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். சண்டை முழுவதும் அரசமைப்பின் 49-ஆம் பிரிவின் ஒரு வரி மீது. காலியிடம் ‘தேர்தல் மூலம் நிரப்பப்பட வேண்டும்’ என்கிறது அது. எப்படி நிரப்புவது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது, நடத்தியே ஆகவேண்டும் என்று அல்ல என்று உயர் நீதிமன்றம் படித்தது. 2013 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வேறுவிதமாகப் படித்தது: பிரதமருக்குக் கட்டற்ற விருப்புரிமை கிடையாது, நியாயமான காலத்துக்குள் தேர்தலை அறிவிக்க வேண்டும். இதற்கிடையில் 2012 மே மாதமே இடைத்தேர்தல் நடந்து முடிந்திருந்ததால் அந்தப் பெண்மணியின் மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனால் அந்த வரியை இனி யார் படித்தாலும் அவர் கேட்டு வாங்கிய பொருளோடுதான் படிக்கவேண்டும். ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லுக்காக இத்தனை நீதிபதிகள் மண்டையை உடைத்துக்கொண்டதைப் படித்தபோது, 31 ஆண்டு நான் செய்த வேலைக்கு யாரோ மாலை போட்டதுபோல் இருந்தது.

தீர்ப்புகளைப் படிக்கும்போது இன்னொரு கவனம். நீதிபதி எழுதிய எல்லாமே சட்டமாகிவிடாது. முடிவைத் தாங்கி நிற்கும் காரணம் ஒன்று இருக்கும். அதுதான் கீழ் நீதிமன்றங்களைக் கட்டும். மற்றவை போகிறபோக்கில் சொன்னவை. மாமனார் திண்ணையில் பேசியதையும் உயிலில் எழுதியதையும் மருமகன் பிரித்துப் பார்க்கிறானே, அந்தப் பார்வைதான் வேண்டும். உச்சியில் யார் என்பதும் மாறியிருக்கிறது. 1994 வரை கடைசி மேல்முறையீடு லண்டனின் பிரைவி கவுன்சிலுக்குப் போக வழியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் அது முற்றாக நின்றது. ஜூலையிலேயே, பழைய பிரைவி கவுன்சில் தீர்ப்புகளையும் தன் சொந்தத் தீர்ப்புகளையும் தேவைப்பட்டால் விலக்கி வைக்கலாம் என்று நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அறிவித்தது.

மறந்துவிட்டேன். தண்டனைச் சட்டத்தில் திருட்டைப் பற்றிய 378-ஆம் பிரிவின் உதாரணங்களையும் படிக்கச் சொல்லுங்கள். ஒருவன் நாய்க்குத் தீனியைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான், அடுத்தவர் நாய் பின்னாலேயே வருகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடுதான் அப்படிச் செய்தான் என்றால், நாய் அவனைப் பின்தொடரத் தொடங்கியதுமே திருட்டு முடிந்துவிட்டது. குட்டிக்கதையாகச் சட்டம் எழுதிய மெக்காலே மீது, வேறு பல விஷயங்களில் இருக்கும் கோபத்தை மீறி, எனக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

தமிழ் அதிகாரத்துவ மொழி. அப்படியானால் வழக்கைத் தமிழிலேயே நடத்தலாமா?
– வாசகர், சுவா சூ காங்

நடத்த முடியாது. அரசமைப்பின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. நாடாளுமன்றத்தில் இந்த நான்கில் எதிலும் பேசலாம் என்கிறது 53-ஆம் பிரிவு. நீதிமன்றத்தின் வேலைமொழி மட்டும் ஆங்கிலம்தான். நீங்கள் தமிழில் சாட்சி சொல்லலாம். நடுவில் என்னைப்போல் ஒருத்தி நிற்பாள்.

அந்த நடுவில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சொல் போதும்: ‘சும்மா’. அடிதடி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சிக் கூண்டில் நின்று ‘சும்மா தட்டினேன்’ என்றார். காரணமில்லாமல் தட்டினாரா? விளையாட்டுக்கா? மெதுவாகவா? காயப்படுத்தும் எண்ணம் இருந்ததா என்பதே அந்த வழக்கின் கேள்வி. நானே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் தீர்ப்பை நானே எழுதியதாகிவிடும். நீதிபதியிடம் அனுமதி கேட்டு, அந்தச் சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்று சொன்னேன். அவர் அதைச் சாட்சியிடமே கேட்கச் சொன்னார். சாட்சி நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்ன பதில்: ‘சும்மாதான்.’

1970-களில் செம்பவாங் பக்கம் இருந்த எங்கள் தாத்தாவின் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கிடைத்த பணம் மிகக் குறைவு என்று அப்பா கடைசிவரை வருந்தினார். சொத்துரிமை அரசமைப்பில் இல்லையா?
– வாசகி, பொங்கோல்

இல்லை அம்மா. மலேசிய அரசமைப்பில் 13-ஆம் பிரிவு சொத்துரிமையைக் காக்கிறது. 1965 டிசம்பரில் மற்ற உரிமைகளை எடுத்துக்கொண்ட நாம் அதை மட்டும் எல்லைக்கு அப்பாலேயே விட்டுவிட்டோம். அதைச் சேர்க்கவேண்டும் என்று வீ சோங் ஜின் ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. நான் மேலே சொன்ன ‘ஏற்கப்படாத’ பரிந்துரை இதுதான். 1966-இல் நிலக் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. பிறகு ஒரு காலகட்டத்தில், 1973 நவம்பர் 30 அன்று இருந்த விலைக்கு மேல் இழப்பீடு போகாதபடி வரம்பு கட்டினார்கள். உங்கள் அப்பாவின் வருத்தம் அந்தத் தேதியில் இருந்திருக்கலாம். சந்தை விலையை முழுமையாகக் கொடுக்கும் முறை 2007-இல் வந்தது.

வீடு கட்ட நிலம் வேண்டியிருந்தது. அந்த வாதம் எனக்குப் புரிகிறது, நானே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய நாலறை வீட்டில்தான் இருக்கிறேன். அது யாருடைய தாத்தாவின் தென்னந்தோப்பு என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு கொஞ்சம் உறுத்துகிறது.

படங்களில் வருவதுபோல் நம்மிடம் ஜூரி ஏன் இல்லை?
– உயர்நிலை 3 மாணவர், பிடோக்

ஜூரி என்றால், குற்றம் நடந்ததா என்று முடிவு சொல்ல உட்காரவைக்கும் பொதுமக்கள் குழு. இங்கேயும் இருந்தது. 1969-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒழித்தது. அதற்கு முன்பே அது மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் என்று சுருங்கியிருந்தது. ஜூரிகள் முன்னால் வாதாடிப் புகழ்பெற்ற டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தார். இளம் வழக்கறிஞராக ஜூரியிடம் வாதாடிக் கட்சிக்காரர்களை விடுவித்த அனுபவமே, பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூவுக்கு அந்த முறை மீது நம்பிக்கையின்மையைக் கொடுத்தது. ஒரே மேடை, இரண்டு வழக்கறிஞர்கள், இரண்டு பாடம். பெரியவனானதும் இருவர் வாதத்தையும் தேடிப் படி.

பொதுமக்கள் உள்ளே போய் வழக்கு விசாரணையைப் பார்க்கலாமா? என்ன உடுத்த வேண்டும்?
– மீண்டும் அதே ஈசூன் வாசகி

பார்க்கலாம். திறந்த நீதிமன்ற விசாரணை என்றால் யாரும் உட்காரலாம். மகளை அழைத்துக்கொண்டு ஒரு வேலைநாள் காலையில் அரசு நீதிமன்றங்களுக்குப் போங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கட்டடம் அழகானது, மேலே வட்டத்தட்டு ஒன்று மிதக்கும். ஆனால் வாழ்க்கை கீழ் நீதிமன்றங்களில்தான் வரிசையில் நிற்கிறது. வாசலில் பையைச் சோதிப்பார்கள். கைப்பேசியில் எதையும் பதிவு செய்யக்கூடாது. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதி இருக்கும் திசையில் தலைவணங்குங்கள். சேலை, சட்டை, காற்சட்டை எதுவானாலும் சரி, செருப்பைச் சரக் சரக்கென்று இழுக்காதீர்கள். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், மேலாடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சாட்சி யாராவது வந்தால், பக்கத்தில் நிற்கும் பெண் என்ன சொல்கிறாள் என்று மகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தவறு கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள். அங்கே இப்போது நிற்பவர்களில் பாதிப் பேர் நான் பயிற்சி கொடுத்தவர்கள்.